தாடியா, கொண்டையா, மொட்டையா?

கோத்தகிரிப் பக்கம் நீண்ட தட்டையான இலையோடும் நீலமோ ஊதாவோ கலந்த பூவோடும் ஒரு செடி நின்றால் அதற்கு இரண்டே பெயர்தான். பங்களாத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் ஐரிஸ் என்பார்கள், மற்ற எல்லோருக்கும் அது லில்லி. நர்சரிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். தொட்டியில் செருகிய அட்டையில் ‘ஐரிஸ் புளூ’ என்று எழுதியிருக்கும். வாங்கி வந்து நட்டு, பூக்கும்போது பார்த்தால் வெள்ளை. சரி, பூ எந்த நிறமானால் என்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஐரிஸ் விஷயத்தில் அப்படி விட்டால் செடியே மிஞ்சாது. ஒரு வகைக்குக் கிழங்கின் முதுகில் வெயில் அடிக்க வேண்டும். இன்னொரு வகை மர நிழலில், மக்கிய இலைக்குள் ஓடினால்தான் பூக்கும். மூன்றாவது வகைக்குக் காலடியில் ஈரம் வற்றவே கூடாது. மூன்றையும் ஒரே பாத்தியில் நட்டால் இரண்டு போய்விடும். எந்த இரண்டு என்பதை அந்த வருஷத்து மழை முடிவுசெய்யும்.

அதனால்தான் யாராவது ஒரு பூவைக் காட்டி “இது என்ன ரகம்?” என்று கேட்டால் எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வம் வருவதில்லை. ரகத்தின் பெயர் தெரியாமலே காலமெல்லாம் ஐரிஸ் வளர்க்கலாம். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்று: நம் மலைக்கு ஐரிஸ் சொந்தச் செடி இல்லை. உலகத்தில் ஏறக்குறைய 300 ஐரிஸ் இனங்கள் இருக்கின்றன, எல்லாமே பூமியின் வடபாதியில். இந்தியாவில் இமயமலையிலும் வடகிழக்கிலும் காட்டுச் செடியாக உண்டு. அதற்குத் தெற்கே, நீலகிரியிலோ பழனி மலையிலோ, சோலைக்குள் எவ்வளவு தேடினாலும் தானாக முளைத்த ஐரிஸ் கிடைக்காது. இங்கே இருப்பது எல்லாம் யாரோ ஒருவர் கொண்டுவந்து நட்டதன் வழித்தோன்றல். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரி வழியாக மலையேறிய பிறகு ஐரோப்பியக் காய்கறியும் பழமும் பூவும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. 1848-ல் ஊட்டித் தாவரவியல் பூங்கா தொடங்கியது; அதை உருவாக்கிய மெக்ஐவர் லண்டன் கியூ தோட்டத்தில் பழகியவர். பூங்காவில் வைத்தது பங்களாவுக்கு வந்தது, பங்களாவில் பிரித்தது மாலி வீட்டுக்கு வந்தது, அங்கிருந்து அடுத்த ஊர். இப்படிக் கை மாறும்போது கிழங்கு மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அட்டை முதல் வீட்டிலேயே தொலைந்துவிட்டது.

அப்புறம், ஐரிஸே அல்லாதவற்றை ஒதுக்கிவிட வேண்டும். இந்த மலையில் ஐரிஸ் என்ற பெயரில் அதிகம் விற்கப்படுவது டயட்டீஸ். ஆப்பிரிக்கச் செடி, ஐரிஸுக்கு ஒன்றுவிட்ட உறவு. ரிசார்ட் பாதையோரம் வரிசையாக நட்டிருப்பார்களே, கரும்பச்சையாகத் தோல் மாதிரி தடித்த இலையும் வெள்ளைப் பூவுமாக, அது. மஞ்சள் புள்ளியும் நடுவில் கொஞ்சம் ஊதாவும் இருக்கும். ஒரு பூ ஒரு நாளோடு சரி. ஆனால் கூட்டமாகப் பூத்து ஓய்ந்து மறுபடி பூக்கும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். ஒரு பூவைப் பறித்து இதழ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். டயட்டீஸில் ஆறு இதழும் அடிவரை தனித்தனியாகக் கழன்றுவரும். ஐரிஸில் இதழ்களின் அடிப்பக்கம் சேர்ந்து ஒரு குழாயாகி, அந்தக் குழாய் சூலகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, டயட்டீஸில் ஆறு இதழும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மல்லாந்து விரியும். ஐரிஸில் பெரும்பாலும் மூன்று நிமிர்ந்தும் மூன்று கவிழ்ந்தும் நிற்கும். டயட்டீஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு அதைவிட நல்ல செடி கிடைக்காது. பூத்து முடிந்த தண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதே தண்டில் மறுபடியும் மொட்டு வரும்.

இரண்டாவது நியோமாரிகா. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. உள்ளிதழ் மூன்றும் நீலமாகச் சுருண்டிருக்கும், பார்க்க மிக அழகு. பூ வாடியதும் அதே இடத்தில் ஒரு குட்டிச் செடி முளைத்து, அதன் பாரத்தில் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டு வேர்விடும். அப்படித் தோட்டத்தையே ஒரு சுற்று நடந்துவிடும். பூத்தண்டில் பிள்ளை பிடிக்கிறதா என்று பார்த்தால் போதும், வேறு சோதனை வேண்டாம்.

பூ இல்லாத நாளில் வசம்பையும் ஐரிஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் இலை அப்படித்தான் இருக்கும். ஒரு துண்டு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நம் ஊரில் பிள்ளைக்கு வசம்பு உரைத்து ஊற்றிய வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த வாசனையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி தெளித்த, ஆறு இதழும் சமமாக விரிந்த ஒரு பூ. காய் வெடித்தால் உள்ளே கறுப்பு மணிகள் கொத்தாகப் பழம் மாதிரி ஒட்டியிருக்கும். பெலம்காண்டா என்று அழைத்துக்கொண்டிருந்தோம். பூவைப் பார்த்தால் ஐரிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மரபணுவைப் பார்த்த தாவரவியலாளர்கள் அது ஐரிஸ் கூட்டத்துக்குள்ளேயே வருகிறது என்றார்கள். 2005-ல் ஐரிஸ் டொமஸ்டிகா என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆக, ஐரிஸ் மாதிரி இருக்கும் டயட்டீஸ் ஐரிஸ் இல்லை, கொஞ்சமும் ஜாடை இல்லாத இது ஐரிஸ். விசிறி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மடிந்து தட்டையாக அடுக்கிய இலையைப் பார்த்தால் மட்டும்தான் அந்த உறவு தெரியும்.

இனி உண்மையான ஐரிஸ். அதன் பூவை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் மறக்காது. வெளியே மூன்று இதழ்கள் கீழே கவிழ்ந்திருக்கும். உள்ளே மூன்று நிமிர்ந்திருக்கும். இவை தவிர, நடுவில் இன்னும் மூன்று சின்ன இதழ்கள் இருப்பதுபோலத் தெரியும். அவை இதழ்கள் அல்ல. சூல்தண்டுதான் மூன்றாகக் கிளைத்து, இதழ் மாதிரி அகன்று, ஒவ்வொன்றும் ஒரு கவிழ்ந்த இதழின் மேல் கூரையாக வளைந்திருக்கிறது. அந்தக் கூரைக்கு அடியில் ஒளிந்தபடி ஒரே ஒரு மகரந்தத்தண்டு. கூரையின் நுனியில் அடிப்பக்கமாக உதடு மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், அதுதான் மகரந்தத்தை வாங்கும் இடம். தேனுக்காகக் கருவண்டு கவிழ்ந்த இதழில் இறங்கி உள்ளே நுழையும்போது, முந்தின பூவில் முதுகில் ஒட்டிய பொடியை அந்த உதடு வழித்துக்கொள்ளும். இன்னும் உள்ளே போனால் புதுப் பொடி முதுகில் படியும். வண்டு பின்வாங்கி வெளியே வரும்போது உதட்டின் மறுபக்கம்தான் உரசும், அங்கே மகரந்தம் பிடிக்காது. தன் பொடி தனக்கே ஒட்டாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. ஒரு ஐரிஸ் பூ என்பது வண்டின் கணக்கில் மூன்று பூ. மூன்று வாசலிலும் தனித்தனியாக நுழைந்து வரும். மே மாதக் காலையில் ஒரு காபியோடு உட்கார்ந்து இதைப் பார்ப்பது என் வீட்டில் மலர்க் கண்காட்சிக்குப் போவதற்கு மாற்றாக இருக்கிறது. ஊட்டிச் சாலையில் நிற்கும் வண்டிகளை நினைத்தால் இதுவே மேல்.

வண்டு இறங்கும் அந்தக் கவிழ்ந்த இதழின் நடுக்கோட்டைத்தான் நாம் பார்க்க வேண்டும். அங்கே பஞ்சு மாதிரி மயிர் வரிசை இருந்தால் தாடி. மயிர் இல்லாமல் வெட்டுவெட்டான ஒரு மேடு, சேவல் தலையில் இருப்பதைப் போல, எழுந்து நின்றால் கொண்டை. இரண்டும் இல்லாமல் வழுவழுப்பாக, ஒரு மஞ்சள் கீற்றோடு முடிந்துவிட்டால் மொட்டை. தோட்டக்காரருக்கு வேண்டிய பிரிவு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்குப் பிறகு.

கோத்தகிரி, குன்னூர் உயரத்துக்கு என் ஓட்டு கொண்டைக்காரர்களுக்குத்தான். இந்த மலைக்காகவே பிறந்தவை மாதிரி நிற்கின்றன. பழைய வீடுகளின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரம், சில்வர் ஓக் அடியில், யாரும் கவனிக்காமல் ஒரு பளபளப்பான இலை விசிறி பரவிக்கிடந்தால் பெரும்பாலும் அது ஐரிஸ் ஜப்பானிகா. பெயர் ஜப்பானாக இருந்தாலும் சீனாவிலும் உண்டு. வெளிர் ஊதா கலந்த வெள்ளைப் பூ, நான்கைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும், விளிம்பு கிழித்துவிட்டதுபோல் நுணுக்கமாகப் பிசிறியிருக்கும். கொண்டை ஆரஞ்சு, அதைச் சுற்றி ஊதாப் புள்ளிகள். ஒரு பூ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆனால் கிளைத்த தண்டில் மொட்டுக்குப் பின் மொட்டாக வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கிழங்கு மெல்லியது, மண்ணின் மேல்தோலிலேயே ஓடும். நல்ல வெயிலில் வைத்தால் இலை மஞ்சளாகும். மர நிழல், மக்கிய இலை, வடியும் சரிவு, இது மூன்றும் இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையின் ஓரத்து மண் எப்படி இருக்கிறதோ அப்படி ஒரு மூலை உங்கள் வீட்டில் இருந்தால் அதை இதற்குக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு நெருங்கிய சொந்தம் இரண்டு உண்டு, இரண்டிலும் இலை விசிறி தரையில் இருக்காது. மூங்கில் குச்சி மாதிரி கணுக்கணுவான தண்டின் தலையில் இருக்கும். ஒரு மீட்டர் அளவில் நின்றுவிட்டால் ஐரிஸ் கன்ஃபியூசா. ஆள் உயரம்கூட வளர்ந்து, பூவும் பெரிதாக இருந்தால் ஐரிஸ் வாட்டியை. வாட்டியை நம் நாட்டுச் செடி. மணிப்பூரில் ஜார்ஜ் வாட் சேகரித்ததால் அவர் பெயர். இந்தியாவில் பிறந்த ஐரிஸ்களிலேயே நீலகிரிக் குளிருக்கு இவ்வளவு ஒத்துப்போவது வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். அதை நம் நர்சரிக்காரர்கள் கண்டுகொள்ளாமல் ஹாலந்துக் குமிழ் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

கொண்டைக் கூட்டத்தில் வெயிலைத் தாங்குவது ஐரிஸ் டெக்டோரம். இலை அகலமாக, வெளிர்பச்சையாக, கோடு கோடாக இருக்கும். பூ தட்டையாக விரிந்த நீலஊதா, கொண்டை வெள்ளை. ஜப்பானில் கூரைவேய்ந்த வீடுகளின் முகட்டில் இது வளர்வதைப் பார்த்துத்தான் ருஷ்யத் தாவரவியலாளர் மாக்ஸிமோவிச் 1871-ல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார். கூரைமேல் வளர்கிறது என்றால் ஒன்று புரிந்துகொள்ளலாம்: ஈரம் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. இந்தக் கூட்டத்துக்கு நம் ஊரில் ஒரே எதிரி நத்தை, அதிலும் ஓடில்லாத நத்தை. ஜூன் சாரலில் இரவோடு இரவாக இலையைச் சல்லடையாக்கிவிடும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைத் தவிர நான் எந்த மருந்தும் போடுவதில்லை.

தாடி ஐரிஸ் கதை வேறு. படங்களில் நாம் பார்த்து ஏங்குவது இதைத்தான். பெரிய பூ, வாசனை, எல்லா நிறமும். அதற்கு வேண்டியது நாள் முழுக்க வெயில், வடிகால், அமிலம் குறைந்த மண். நீலகிரி மண் அமிலம். தேயிலைக்கு அது சொர்க்கம், தாடி ஐரிஸுக்கு அல்ல. நல்லவேளையாக, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூள் இங்கே உரக்கடையில் எப்போதும் கிடைக்கும், தேயிலைக்காரர்களும் காய்கறிக்காரர்களும் வாங்குவதால். பாத்தியில் கொஞ்சம் அதைக் கலந்து, சரிவில், கல் கட்டின் மேல் விளிம்பில் நட்டால் பாதி வேலை முடிந்தது. சாணி உரத்தைக் கொட்டாதீர்கள். இலை கொழுக்கும், கிழங்கு அழுகும். எலும்புத்தூள் ஒரு கை போதும்.

மீதிப் பாதி, கிழங்கை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பது. இஞ்சியைப் போலக் கிடைமட்டமாகக் கிடக்கும் அந்தக் கிழங்கின் முதுகு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், வேர் மட்டும் கீழே இறங்க வேண்டும். நீலகிரியில் இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம். காரணம் உருளைக்கிழங்கு. தலைமுறை தலைமுறையாக உருளை போட்ட கைகளுக்குக் கிழங்கு வெளியே தெரிந்தால் பொறுக்காது. எங்கள் வீட்டுக்கு வரும் மாலி அண்ணன் கேட்டார், “கிழங்கு வெளிய தெரியுதே, மண் அணைக்க வேணாமா?” “வேணாம்ணா, இது உருளை இல்ல. வெயில் படட்டும்” என்றேன். தலையாட்டினார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வரிசை முழுக்க அழகாக அணைத்துவிட்டிருக்கிறார். திரும்ப விலக்கினேன். இன்றுவரை எங்களுக்குள் இது நடந்துகொண்டிருக்கிறது.

மண்ணுக்குள் போன கிழங்குக்கு என்ன ஆகும் என்பதையும் உருளை போட்டவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். உருளையையும் கேரட்டையும் முட்டைக்கோஸையும் நாற அடித்துக் கூழாக்கும் அதே மென்னழுகல் பாக்டீரியாதான் ஐரிஸ் கிழங்கையும் பிடிக்கிறது. இலை விசிறி அடியில் சாய்ந்து, தொட்டால் கையோடு வந்துவிட்டால் அதுதான். நாற்றமே சொல்லிவிடும். கிழங்கைத் தோண்டி, கூழை ஸ்பூனால் கெட்டியான சதை வரும்வரை வழித்து, ஒன்றிரண்டு நாள் வெயிலில் காயவிட்டு வேறு இடத்தில் நடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கவாத்துக் கத்தியைக் கொதிநீரிலோ ஸ்பிரிட்டிலோ துடைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியே நோயைப் பரப்பும்.

பிரித்து நடுவது எப்போது? ஒரு விசிறி ஒருமுறைதான் பூக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கத்தில் கிளைத்த பிள்ளைக் கிழங்குகள்தான் அடுத்த வருஷத்துக்கு. மூன்று நான்கு வருஷத்தில் நடுவில் கிழட்டுக் கிழங்குகளாக அடைத்துக்கொள்ளும், பூ குறையும். ஐரோப்பியத் தோட்டக் குறிப்புகள் எல்லாம் ஜூலை, ஆகஸ்ட் என்கின்றன. கோத்தகிரிக்கு அது தற்செயலாகப் பொருந்துகிறது. தென்மேற்குப் பருவமழையை 2,637 மீட்டர் தொட்டபெட்டா நமக்கு முன்னால் நின்று தடுத்துவிடுகிறது, இங்கே வருவது சாரல். நமக்கு உண்மையான மழை அக்டோபர், நவம்பரில், வடகிழக்கில். ஜூலையில் பிரித்தால் அதற்குள் வேர் பிடித்துவிடும். ஆனால் இதே மாவட்டத்தில் மலையின் மறுபக்கம் கணக்கு தலைகீழ். நடுவட்டத்தில் இருக்கும் என் தோழி போனில் சொன்னாள், “நீ பாட்டுக்கு ஜூலைன்னு எழுதிடுவ. இங்க ஜூலையில வாசல் கேட்டுக்கே போக முடியலடி.” அவள் மழையெல்லாம் ஓய்ந்து டிசம்பரில் பிரிக்கிறாள். ஒரு வருஷப் பூவை இழக்கிறாள், ஆனால் கிழங்கை இழப்பதில்லை. கொடைக்கானலில் இருப்பவர்களும் வடகிழக்கைக் கணக்கில் வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியிலிருந்து வேறு மலைக்குக் கிழங்கு அனுப்பினால் மண்ணோடு அனுப்பாதீர்கள். உருளையைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ல் ஊட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஐரிஸை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஒட்டிய மண் போய்ச் சேரும் இடத்தில் யாரோ ஒருவர் உருளை போட்டிருப்பார். வேரை நறுக்கி, கழுவி, காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி அனுப்பினால் கிழங்குக்கு ஒரு குறையும் வராது.

தாடிக்குள்ளே மேலும் பிரிக்க ஆசைப்படுபவர்கள் பூவை விட்டுவிட்டு, விரியாத பூமொட்டை மூடியிருக்கும் உறையைப் பாருங்கள். மொட்டாக இருக்கும்போதே உறை முழுக்க வெள்ளிக் காகிதம் மாதிரி உலர்ந்திருந்தால் ஐரிஸ் பல்லிடா. அடிப்பாதி பச்சையாகவும் மேல்பாதி பழுப்புக் காகிதமாகவும் இருந்தால் ஜெர்மானிகா கூட்டம். பழைய பங்களாக்களில் தப்பிப் பிழைத்திருக்கும் அடர்ஊதா பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். பூ அவ்வளவு பெரிதாக இருக்காது, இதழ் குறுகல், ஆனால் உயிர் கெட்டி. இன்றைய கண்காட்சிப் பூக்களின் பிரம்மாண்டம் பிறகு வந்தது. கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர் 1800-களின் கடைசியில் பாதிரிமார்கள் மூலம் துருக்கிப் பக்கத்திலிருந்து பெரிய பூக்கள் உள்ள செடிகளை வரவழைத்தார். அவற்றைப் பழையவற்றோடு கலந்ததில்தான், 24 குரோமோசோம் இருந்த இடத்தில் 48 உள்ள இன்றைய பெரிய பூக்கள் பிறந்தன. அதனால் உங்கள் செடி ஒல்லியாக, பூ சிறிதாக இருந்தால் குறைவாக நினைக்க வேண்டாம். வயதில் மூத்ததாக இருக்கலாம். புது ரகங்களுக்கு நல்ல குளிர்காலமும் வேண்டும்; ஊட்டியில் உறைபனி விழும் பள்ளங்களில் பூக்கும் ரகம் குன்னூரில் இலையோடு நின்றுவிடுவது சகஜம். பழைய ஊதாவும் பழைய வெள்ளையும் அந்தப் பிகு பண்ணுவதில்லை. பழைய வெள்ளையான அல்பிகன்ஸ் அரேபியாவிலிருந்து கல்லறைச் செடியாக நாடு நாடாகப் போனது. அது விதை வைக்காது, போன இடமெல்லாம் கிழங்காகவே போயிருக்கிறது. காஷ்மீரிலும் கல்லறை மேல் ஐரிஸ் நடும் வழக்கம் உண்டு, அங்கே போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாடி ஐரிஸில் உண்மையான சிவப்பு கிடையாது. செங்கல் நிறம், மது நிறம், துரு நிறம் எல்லாம் உண்டு, ரோஜாச் சிவப்பு இல்லை. அதற்கு வேண்டிய நிறமி இந்தச் செடியில் உருவாவதில்லை. ஆன்லைனில் ரத்தச் சிவப்பு ஐரிஸ், வானவில் ஐரிஸ் என்று விதைப் பொட்டலம் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். நிறம் ஒருபக்கம் இருக்கட்டும், கலப்பு ஐரிஸ் விதையிலிருந்து தாய் மாதிரியே பிள்ளை வராது. பெயர் வைத்த ரகம் என்பது எப்போதும் கிழங்கின் துண்டாகத்தான் கைமாறும்.

மொட்டைக் கூட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், எனக்கு அதில் அனுபவம் குறைவு. ஜப்பானிய ஐரிஸ் எனப்படும் என்சாட்டாவுக்கு அமில மண் பிடிக்கும், டோலமைட் ஆகாது, வளரும் காலத்தில் தண்ணீர் நிறைய வேண்டும். பூ இல்லாதபோது கண்டுபிடிக்க இலையை விரலால் நீவிப் பாருங்கள், நடுவில் ஒரு நரம்பு எழும்பித் தெரியும். அதன் சகோதரி லேவிகாட்டாவின் இலை நீவினால் வழுக்கிக்கொண்டு போகும். சைபீரிகாவின் இலை ஒல்லி, அதற்குக் குளிர் இங்கே போதுமா என்பது இடத்தைப் பொறுத்தது. தாழ்வான, வெதுவெதுப்பான தோட்டங்களில் குளம் இருந்தால் அமெரிக்கத் தென்பகுதியிலிருந்து வந்த லூசியானா வகை நன்றாக வரும். பூங்கொத்துக் கடைகளில் வரும் டச்சு ஐரிஸ் குமிழிலிருந்து முளைப்பது, இலை தட்டையாக இல்லாமல் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். பூத்தபின் குமிழ் மழையில் அழுகும், தப்பினால் முள்ளம்பன்றி தோண்டும். ஒரு பருவத்துப் பூ என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

ஆனால் மஞ்சள் பூப்பூக்கும் ஐரிஸ் சூடகோரஸை மட்டும் ஓடைக்கரையில் நடாதீர்கள், யார் இலவசமாகக் கொடுத்தாலும். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும், அகன்ற வாள் இலை, சுத்த மஞ்சள் பூ, மிதக்கும் விதை. அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் ஆற்றோரங்களை அடைத்துக்கொண்டு ஒழிக்க முடியாமல் திணறுகிறார்கள். நமக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். அழகுக்காகக் கொண்டுவந்த காலா லில்லி இன்று நம் சதுப்புகளில் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதைக் கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற வழியில் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். காட்டுமாடும் உதவிக்கு வராது. ஐரிஸ் கிழங்கும் இலையும் கசப்பு, வாயை எரிக்கும். மிதித்துவிட்டுப் போகுமே தவிர மேயாது.

செல்போன் செயலிகளில் படம் எடுத்துப் பெயர் கேட்பவர்களுக்கு: பூவை நேராக ஒரு படம் மட்டும் எடுத்தால் அது எல்லாவற்றையும் ஜெர்மானிகா என்று சொல்லிவிடும். பக்கவாட்டில் ஒன்று, மொட்டின் உறை ஒன்று, தண்டு கிளைக்கும் விதம், இலையின் அடி, மண்ணை விலக்கிக் கிழங்கு, பிறகு காய், இவையும் இருந்தால்தான் மனிதர்களாலும் சொல்ல முடியும். பூத்தண்டின் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தாடி ஐரிஸில் 70 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் உயர வகை, 20-க்குள் என்றால் மிகக் குட்டை வகை, அந்தப் பிரிவு உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பிறகும் ரகப் பெயர் கிடைக்காமல் போகலாம். பதிவான ரகங்கள் பல்லாயிரம், ஒரே மாதிரி ஊதா அதில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அப்போது பட்டியலில் பார்த்த ஏதோ ஒரு அழகான ஆங்கிலப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். அடுத்தவர் அதை நம்பி இன்னொருவருக்குக் கொடுப்பார்.

என் தோட்டத்தில் அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன், மை மழையில் நிற்காது. ‘தாடி, அடர்ஊதா, 80 செ.மீ., உறை பாதி பழுப்பு, கன்னேரிமுக்கு வீடு.’ ‘கொண்டை, ஜப்பானிகா, பின்பக்க நிழல், மாலி அண்ணன் தந்தது.’ பெயர் தெரியாததற்குப் பெயர் தெரியாது என்றே கீறியிருக்கிறேன். இந்த ஜூலையில் ஊதாவைப் பிரிக்கப்போகிறேன், கிழங்கு நிறைய மிஞ்சும். கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். கூடலூர், நடுவட்டம் ஆட்கள் டிசம்பர்வரை பொறுங்கள், எடுத்து வைக்கிறேன்.